பழைய ஸ்கார்ப்பியோ, ஐந்து பேர், ஒன்றரை லட்சம் ரூபாய்

கேள்வி: வணக்கம் அண்ணே. எனக்குத் தேவகோட்டைப் பக்கம். 2015 மாடல் ஸ்கார்ப்பியோ எஸ்10, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, போன மாதம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மனைவி, 11 வயதுப் பையன், 6 வயதுப் பெண், 72 வயது அப்பச்சி, நான், ஐந்து பேரும் லீவுக்கு லீவு மலை, கடற்கரை, காட்டோரம் என்று சுற்றவும் கூடாரம் போட்டுத் தங்கவும் ஆசை. வண்டியைத் தயார் பண்ண ஒன்றரை லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். 33 இஞ்ச் டயர், இரும்பு பம்பர், வின்ச் (சிக்கின வண்டியை இழுக்கும் மோட்டார் உருளை), ஸ்நார்க்கெல் (இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்), கூரை மேல் கூடாரம், எல்இடி லைட் பார் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். எதை முதலில் போடலாம்?

பதில்:

தம்பி, நல்ல வண்டி வாங்கியிருக்கிறீர்கள். அடியில் தனி இரும்புச் சட்டம் உள்ள சேஸிஸ் வண்டி, மெதுவாக ஆனால் பலமாக இழுக்கும் லோ கியர் இருக்கிறது, பாகங்கள் காரைக்குடியிலும் கிடைக்கும், திருச்சி மதுரை போனால் கிடைக்காத பாகமே இல்லை. காரைக்குடியில் இந்த மாதிரி வண்டிகளுக்கென்றே பட்டறை வைத்திருப்பவன் என்பதால் நேரடியாகச் சொல்கிறேன், உங்கள் பட்டியலில் இருக்கிற ஆறில் ஒன்றுகூட இப்போது வேண்டாம். அந்தப் பணம் முழுக்க டயருக்கும் பிரேக்குக்கும் ஐந்து பேர் உட்காருகிற இடத்துக்கும் போகட்டும்.

முதலில், எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நம்ம பக்கத்திலிருந்து எங்கே கிளம்பினாலும் பெரும்பங்கு தார் ரோடுதான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அத்தனையும் தார். தனுஷ்கோடிக்கு ஒரு காலத்தில் மணலிலும் தண்ணீரிலும் வேனில் குலுங்கிக்கொண்டு போனார்கள், 2017லிருந்து அரிச்சல்முனை வரைக்கும் சாதாரண காரே போகிறது. மிச்சம் இருப்பது கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர், ஒரு கண்மாய்க்கரை, சொந்தக்காரர் தோப்பு, மலையடிவாரக் கோயிலுக்குப் போகும் சரளைப் பாதை, அவ்வளவுதான். ஆக உங்கள் வண்டி முழுச் சுமையோடு நெடுந்தூரம் தார் ரோட்டில் பத்திரமாக ஓட வேண்டும், அப்புறம் அந்தக் கடைசித் துண்டைச் சிக்காமல் கடக்க வேண்டும். 33 இஞ்ச் டயர் இந்த இரண்டில் முதலாவதைக் கெடுத்துவிடும். கம்பெனி கொடுத்த 235/65 ஆர்17 அளவுக்குத்தான் உங்கள் கியர், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பெரிய கனமான டயரைச் சுழற்ற கிளட்ச் திணறும், நிறுத்தப் பிரேக் திணறும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், வளைவில் டயர் மட்கார்டில் உரசும்.

அதே அளவில், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர் போடுங்கள். ஐந்து, நான்கு அல்ல. ஸ்டெப்னியும் அதே அளவு, அதே வகையாக இருக்க வேண்டும், ஏனென்றால் நாலு சக்கரமும் பூட்டி ஓடும்போது ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸும் (முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் பெட்டி) டிஃபரன்ஷியலும் (இடது வலது சக்கரத்துக்குப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி) சேர்ந்து அடிவாங்கும். டயரின் பக்கவாட்டில் ஒரு நாலு இலக்க எண் அச்சாகியிருக்கும், 2319 என்று இருந்தால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். ஆறு வருஷம் தாண்டியிருந்தால், தரையில் தேயும் ரப்பர் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். நம்ம வெயிலில் ரப்பர் உள்ளுக்குள் காய்ந்துபோயிருக்கும், வெளியில் தெரியாது, நாற்கரச் சாலையில் முழுச் சுமையோடு போகும்போதுதான் வெடிக்கும். செகண்ட் ஹேண்ட் வண்டியில் விற்பவர் "டயர் புதுசு மாதிரி இருக்கு" என்று சொல்வதை நம்பாமல் குனிந்து அந்த எண்ணைப் படிக்க வேண்டும். உங்கள் பட்ஜெட்டில் ஏறத்தாழ பாதி டயருக்கே போய்விடும், போகட்டும்.

இன்னொன்று, நம்ம ஊர் எதிரி பாறை இல்லை, சீமைக்கருவேல முள். கண்மாய்க்குள்ளும் பொட்டலிலும் வெட்டிப் போட்ட கிளை மண்ணில் புதைந்து கிடக்கும். அதனால் டியூப்லெஸ் பஞ்சர் கிட் ஒன்று, 12 வோல்ட் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஒன்று கட்டாயம் வேண்டும். கம்ப்ரசர் வாங்கும்போது பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். சிகரெட் லைட்டரில் சொருகுகிற சின்னது இவ்வளவு பெரிய டயருக்கு மூச்சு வாங்கும், ஃபியூசும் போகும். இந்தக் கம்ப்ரசருக்கு இன்னொரு வேலை உண்டு. மணலில் இறங்கும் முன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். ரோட்டில் 32 பிஎஸ்ஐ காற்று வைத்து ஓட்டுபவர் மணலில் 18, 20 வரை இறக்கலாம், சரளையில் 25 போதும். காற்று குறைந்தால் டயர் நீளமாகப் படுத்து, மணலைத் தோண்டாமல் மேலே மிதந்து போகும். திரும்பி ரோட்டுக்கு வந்ததும் அங்கேயே நிறுத்தி மறுபடி அடித்துவிட வேண்டும், குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிக் கிழியும். வின்ச் வாங்குகிற காசுக்குப் பதில் கொஞ்சம் மெனக்கெட்டு இதைப் பழகினாலே பாதிச் சிக்கல் வராது.

ஸ்டெப்னி வண்டிக்குப் பின்னடியில் சங்கிலியில் தொங்குகிறது. வாங்கின நாளிலிருந்து அதை ஒருதடவையாவது இறக்கிப் பார்த்தீர்களா? பழைய வண்டிகளில் அந்தச் சங்கிலி இறக்கும் இடம் சேறும் துருவும் ஏறி இறுகிக் கிடக்கும். வீட்டு வாசலில் நிதானமாக இறக்கி, கிரீஸ் தடவி, மறுபடி ஏற்றிப் பாருங்கள், மனைவியையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கி வைக்க ஒரு அடிக்கு ஒரு அடி கனமான பலகைத் துண்டு ஒன்று போட்டு வையுங்கள், செம்மண் நனைந்திருந்தால் ஜாக்கி வண்டியைத் தூக்காது, மண்ணுக்குள் தான்தான் இறங்கும்.

டயருக்கு அடுத்தது, முந்தைய சொந்தக்காரர் செய்யாமல் விட்ட வேலைகள். 1,10,000 ஓடிய வண்டியில் யாரும் கியர் ஆயில், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில், முன் பின் டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றியிருக்க மாட்டார்கள், இன்ஜின் ஆயிலோடு சர்வீஸ் முடிந்திருக்கும். நாலையும் கழற்றி வடித்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்து இருந்தால் வண்டி ஏதோ வெள்ளத்தில் நின்றிருக்கிறது என்று அர்த்தம். சூடான டிஃபரன்ஷியல் திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும், அந்த இடத்தை நிரப்ப சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அதைத் தடுக்கத்தான் மேலே பிரீதர் குழாய் இருக்கிறது, அது அடைத்திருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அது காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், கொல்லிமலையிலிருந்து ஐந்து பேரோடு இறங்கும்போது பிரேக் சூடேறி அந்த ஈரம் ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். இறக்கத்தில் பிரேக்கையே நம்பாமல், ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட், கூலண்ட், பால் ஜாயிண்ட், டை ராட், வீல் பேரிங், ஷாக் அப்சர்பர், புஷ் எல்லாவற்றையும் பட்டறையில் ஜாக்கி போட்டு ஆட்டிப் பார்த்து, தளர்ந்ததை மாற்றுங்கள். பின் சுருள்வில் உட்கார்ந்து போயிருந்தால் அதே கம்பெனி வில்லைப் புதிதாகப் போட்டாலே வண்டி தன் உயரத்துக்கு வந்துவிடும். லிஃப்ட் கிட் என்று ஸ்பேசர் வைத்துத் தூக்குவது வேண்டாம், ஏற்கெனவே உயரமான வண்டி, இன்னும் தூக்கினால் திருப்பத்தில் சாயும், முன் ஆக்சில் ஜாயிண்டும் கோணல் வாங்கித் தேயும்.

ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்பதை டாஷ்போர்டு விளக்கை வைத்து முடிவு பண்ணாதீர்கள். தெரிந்தவர் யாருடைய பொட்டலிலாவது இளகின செம்மண்ணில் கொண்டுபோய், 4எச் (நாலு சக்கர இழுவை, சாதாரண வேகம்), 4எல் (நாலு சக்கர இழுவை, லோ கியர்) இரண்டையும் போட்டு, முன்சக்கரம் உண்மையில் இழுக்கிறதா என்று எட்டி நின்று ஒருவர் பார்க்கட்டும். மாதம் ஒருமுறை இப்படிப் போட்டு எடுங்கள், போடாமலே விட்ட ஃபோர் வீல்தான் அவசரத்துக்கு வராது. காய்ந்த தார் ரோட்டில் மட்டும் போடாதீர்கள், இது எப்போதும் நாலிலும் ஓடும் வகை இல்லை, திருப்பத்தில் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழல முடியாமல் முறுக்கிக்கொள்ளும்.

இப்போது உள்ளே வருவோம், எனக்கு அதிகம் கவலை கொடுக்கிறது இதுதான். உங்கள் வண்டியில் கடைசி வரிசை எதிரெதிராகப் பார்த்த சீட்டாக இருந்தால் அதில் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். "பின்னாடி ஜாலியா விளையாடிக்கிட்டு வரட்டும்" என்று நிறையப் பேர் விடுகிறார்கள். பக்கவாட்டில் உட்கார்ந்தவரைத் திடீர் பிரேக்கில் தாங்க அங்கே ஒன்றும் இல்லை, பின்னால் இடித்தால் முதலில் நசுங்குவதும் அந்த இடம்தான். நீங்கள் ஐந்து பேர், முன்னால் இரண்டு, நடுவில் மூன்று, எல்லாரும் முன்னோக்கி. கடைசி சீட்டை மடித்துச் சாமானுக்கு விட்டுவிடுங்கள்.

ஆறு வயதுப் பெண்ணுக்கு பூஸ்டர் சீட் வாங்குங்கள். பெரியவர்களுக்கான பெல்ட் அவள் கழுத்திலும் வயிற்றிலும் விழும், இடித்தால் பெல்ட்டே காயப்படுத்தும். பூஸ்டர் அவளை உயர்த்தி, பெல்ட்டைத் தோளுக்கும் இடுப்பெலும்புக்கும் கொண்டுவரும். பையனுக்கும் பெல்ட் எங்கே விழுகிறது என்று உட்கார வைத்துப் பாருங்கள், வயதைவிட உயரம்தான் கணக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில், 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் வந்தால் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. நான் அபராதத்துக்காகச் சொல்லவில்லை. நடுவரிசை பெல்ட்டுகள் சீட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கும், வெளியே எடுத்து, மூன்றும் சட்டென்று இழுத்தால் பூட்டுகிறதா, கொக்கி கிளிக் ஆகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஒரிஜினல் பெல்ட்டே புதிதாகப் போடுங்கள்.

அப்பச்சிக்கு இந்த வண்டி ஏறுவது கஷ்டம். உறுதியான ஃபுட்போர்டு, கதவு மேலே கைப்பிடி, இரண்டும் சேஸிஸில் அல்லது கம்பெனி கொடுத்த போல்ட் துளையில் பிடித்ததாக இருக்கட்டும், தகரத்தில் ஸ்க்ரூ போட்டது ஒருநாள் அவர் கையோடு வந்துவிடும். பிளாட்பாரப் பக்கம் இறங்க வசதியாக நடுவரிசை இடது ஓரம் அவருக்கு. மாத்திரை மருந்தை டாஷ்போர்டில் வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் நிறுத்தின வண்டிக்குள் அவை கெட்டுவிடும்.

கூரைக் கூடாரத்தை நான் வேண்டாம் என்பதற்கு முதல் காரணமும் அப்பச்சிதான், ராத்திரி இரண்டு மணிக்கு ஏணியில் இறங்கி ஏற அவரால் முடியுமா? ஐந்து பேர் அதில் படுக்கவும் முடியாது. ஓடும்போது கூரை தாங்கும் எடைக்கு ஒரு வரம்பு உண்டு, வண்டிப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள், கேரியரும் கூடாரமும் சேர்ந்தாலே அதைத் தொட்டுவிடும். தரையில் போடும் ஆறு பேர் கூடாரம் ஒன்று, அடியில் ஒரு தார்ப்பாய், மேலே கோரைப்பாய், கொசுவலை. நம்ம வெயிலுக்கு ராத்திரிக் கூடாரத்தைவிடப் பகல் நிழல் முக்கியம், கூரைக் கம்பியில் கட்டி இரண்டு கம்பு ஊன்றி விரிக்கிற பெரிய தார்ப்பாய் ஒன்று இருந்தால் தொண்டிக் கடற்கரையானாலும் பொட்டலானாலும் ஐந்து பேரும் உட்கார்ந்து சாப்பிடலாம்.

சாமான் அடுக்குவதில் ஒரே விதி, கனமானது கீழே, நடுச்சீட்டின் முதுகை ஒட்டி, கட்டிப்போட்டு. 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ, கட்டாமல் விட்டால் 80 வேகத்தில் பிரேக் அடிக்கும்போது அது பிள்ளைகள் தலைக்குப் பின்னால் பறந்து வரும். பத்து லிட்டர் கேனாக இரண்டு வாங்கி, தரையில் உள்ள சீட் போல்ட் துளையில் வளையம் பிடித்து ராட்செட் பெல்ட்டால் கட்டுங்கள், சீட் முதுகுக்கு மேலே கூரை வரை ஒரு வலை போடுங்கள். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அழகழகான டிரங்குப் பெட்டி கிடைக்கும், ஆசைப்படாதீர்கள், மூலை கத்தி மாதிரி இருக்கும், ஓயாமல் கடகடக்கும். அங்கேயே எனாமல் தட்டும் குவளையும் வாங்குங்கள், லேசு, உடையாது. கேஸ் சிலிண்டர் எடுத்துப் போவதை முதல் சில பயணங்களில் தவிர்த்துவிடலாம், புளியோதரையும் இட்லி மிளகாய்ப்பொடியும் சீப்புச் சீடையும் மணகோலமும் கட்டிக் கொடுக்க வீட்டில் ஆள் இருக்கும்போது அடுப்பு எதற்கு? குளிர்சாதனப் பெட்டி, இரண்டாவது பேட்டரி எல்லாம் இப்போது தேவையே இல்லை, ஐஸ் போட்ட பெட்டி ஒருநாள் தாங்கும்.

இரும்பு பம்பர் சட்டப்படி தப்பு. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இந்த மாதிரி முன்கம்பிகளுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது, வண்டியை கம்பெனி அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று சட்டத்தின் 52ஆவது பிரிவும் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், உங்கள் எஸ்10ல் ஏர்பேக் இருக்கிறது. முன்பம்பர் நசுங்குகிற விதத்தை வைத்துத்தான் அது எப்போது விரிய வேண்டும் என்று கணக்கு, நீங்கள் நசுங்காத இரும்பைப் போட்டால் அந்தக் கணக்கு தப்பும். வின்ச்சும் அந்தப் பம்பரில்தான் உட்காரும், அதனால் அதுவும் வேண்டாம்.

பதிலாக ஒரு மீட்புக் கயிறு, தாங்கும் எடை முத்திரை உள்ள இரண்டு ஷேக்கிள் (கயிறு மாட்டும் இரும்பு வளையம்), சக்கரத்துக்கு அடியில் போடும் பிளாஸ்டிக் பலகை இரண்டு, ஒரு மண்வெட்டி. சிக்கிக்கொண்டால் முதலில் ஆக்சிலரேட்டரை விடுங்கள், சுழற்றச் சுழற்ற வண்டி வயிற்றில் உட்காரும். எல்லாரையும் இறக்கி, காற்றைக் குறைத்து, சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வெட்டி, பலகை போட்டு, 4எல்லில் மெதுவாக எடுங்கள், பெரும்பாலும் இதிலேயே வெளியே வந்துவிடும். கயிறு கட்ட வேண்டி வந்தால், லாரியில் வண்டியை ஏற்றும்போது கட்டுகிற மெல்லிய கொக்கியிலோ, டிரெய்லர் மாட்டும் உருண்டையான டோ பாலிலோ மாட்டாதீர்கள், அது பிய்ந்தால் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். சேஸிஸில் உறுதியான இழுவைக் கொக்கி எது என்று பட்டறையில் முன்கூட்டியே காட்டச் சொல்லுங்கள். இழுக்கும்போது பிள்ளைகள் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும், கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

ஸ்நார்க்கெல் இன்ஜினுக்கு மட்டும்தான் மூச்சு, கதவு இடுக்குக்கும் வயரிங்குக்கும் அது ஒன்றும் செய்யாது. அதைப் போட்ட தைரியத்தில்தான் ஆட்கள் கண்மாய்க்குள் இறங்குகிறார்கள். நம்ம கண்மாய்களில் மேலே வெடித்துக் காய்ந்த மண் தெரியும், ஒரு அடிக்குக் கீழே களியாக இருக்கும், சக்கரம் உடைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். தண்ணீர் நிற்கும்போது இன்னும் மோசம், மண் அள்ளின பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று ஊர்க்காரருக்கே சரியாகத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுங்கள். வரத்துக் கால்வாயும் கரையும் விவசாயிகளுடையது, சக்கரம் கரையை உடைத்தால் அந்த வருஷ வயல் பாதிக்கும், இதை நான் ரொம்ப வருத்தத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் உடைந்த கரைகளைப் பார்த்திருக்கிறேன். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டி இறக்குவதும் கூடாரம் போடுவதும் குற்றம்.

லைட் பார் வாங்கும் காசில் மங்கின ஹெட்லைட் கண்ணாடியை மெருகேற்றி, உயரம் சரிபார்த்து, நல்ல பல்ப் போடுங்கள். அதைவிட நல்லது ராத்திரி ஓட்டாமல் இருப்பது. பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லரும், ரோட்டில் படுத்திருக்கும் மாடும் எத்தனை வெளிச்சம் போட்டாலும் நெருங்கினால்தான் தெரியும். விடிகாலை நாலரைக்குக் கிளம்புங்கள், பொழுது சாயும் முன் இடம் சேருங்கள்.

முதல் பயணமே தூரமாகப் போகாதீர்கள். ஒரு காலைப்பொழுது கொள்ளுக்குடிப்பட்டி போய் வாருங்கள், நவம்பருக்கு மேல் வேட்டங்குடிக் கண்மாயில் வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும், அவற்றுக்காக அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லுங்கள். அடுத்தது பிரான்மலை அடிவாரம், பாரியின் பறம்பு மலை அதுதான், ஒரு முழுப் பகல் இருக்கட்டும். இந்த இரண்டிலும் எந்தச் சாமானைத் தொடவே இல்லை என்று பார்த்துக் கழித்துவிட்டு, அப்புறம் கோடியக்கரையோ கொல்லிமலையோ ஒரு ராத்திரி தங்கப் போகலாம். சொந்தக்காரர் தோப்பில் ஒருநாள் கூடாரம் போட்டுப் பழகிவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

டயர், ஆயில்கள், பிரேக், பெல்ட், பூஸ்டர், கம்ப்ரசர், கயிறு, கூடாரம் எல்லாம் முடிந்தும் கையில் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். அதைத் தொடாதீர்கள், பத்து வருஷ வண்டி ஏதாவது கேட்கும். ஆர்சி பெயர் மாற்றம் 30 நாளுக்குள், இன்ஷூரன்ஸ் பெயர் மாற்றம் 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், போன மாதம் வாங்கினேன் என்கிறீர்கள், இன்ஷூரன்ஸ் இன்னும் பழையவர் பெயரில் இருந்தால் இன்றைக்கே போய்விடுங்கள், டயர்கூட அதற்கு அப்புறம்தான். டயரில் இருக்கிற நாலு இலக்க எண்ணையும், டிஃபரன்ஷியல் ஆயில் என்ன நிறத்தில் வந்தது என்பதையும் எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்வதென்று சொல்கிறேன்.